முதுகால் பார்த்த கச்சேரி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், தங்கங்களா. பத்தடி தூரத்தில் நின்றும் பெண்டாட்டியைப் பார்க்க முடியாமல் தவித்த ஒரு புருஷனின் கதை இது. சின்னதுதான். கசக்காது.

அவன் திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் மேடை. மேடையில் அவன் பெண்டாட்டி.

முன்னால் இரும்புத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கூட்டம். கூட்டம் என்பது ஒரு மரியாதைக்கு. நாற்பது பேர் இருந்தால் அதிகம்.

கடலோரத் திடல். மாசி வெயில். மணி மூன்று.

ராப் திருவிழாவில் மூன்று மணிக்குப் பாடுகிறவள், கல்யாண வீட்டில் மைக் சரிபார்க்கிறவன் மாதிரி. இருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

போஸ்டரிலும் அப்படித்தான். ராத்திரி பாடுகிறவர்களின் பெயர்கள் மேலே, ஆள் உயரத்துக்கு. கீழே வர வர எழுத்து இளைத்துக்கொண்டே வந்தது. கடைசி வரியில், எறும்பு ஊர்ந்தது போல, எண்ணூர் சலோமி.

தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் வட்டம் போட்டவன் அவன்தான். எபினேசர். அவள் புருஷன். இந்தத் திடலில் காவல் வேலை.

லீவு கேட்டான். விழா நாளில் லீவா என்று சிரித்தார்கள்.

தனக்குப் போட்டிருந்த நாலாவது கேட்டை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, மேடைக்கு முன்னால் இருக்கும் தடுப்பைக் கெஞ்சி வாங்கினான். பக்கத்தில் இருக்கலாமே என்று.

பக்கத்தில்தான் இருந்தான். முதுகு மட்டும்.

தடுப்பில் நிற்கிறவன் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு தரம் மேடைப் பக்கம் திரும்பினாலும், யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதைக் கண்காணிக்கவே சூப்பர்வைசர் பாண்டுரங்கன் உயரத்தில் பரண் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அவள் பாடினால் அவன் எதிரே உட்கார்ந்து, வாளியைக் கவிழ்த்துத் தாளம் போடுவான்.

"யோவ், அந்தாண்ட திரும்பாத. உன் மூஞ்சியப் பாத்தாதான் எனக்கு வரி வருது."

இன்று அவளுக்குக் கிடைத்தது பிடரி.

பீட் தொடங்கியது. காலடி மண் அதிர்ந்தது. எட்டு எண்ணி அவள் பாட்டை எடுக்க வேண்டும்.

எட்டு போயிற்று.

இன்னொரு எட்டும் போயிற்று.

குரல் வரவில்லை.

கூட்டத்தில் ஒருவன் கொட்டாவி விட்டான். இரண்டு பேர் மோர் விற்கிற பக்கம் நடந்தார்கள்.

எபினேசருக்குக் கழுத்து நரம்பு இழுத்தது. திரும்பு, திரும்பு என்றது. மேலே பாண்டுரங்கன்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். அதில் ஒரு கையின் விரல்கள், மற்றக் கையின் உள்ளங்கையில் மெல்லத் தட்டின.

தக. தக. தகதக.

வாளித் தாளம்.

மைக்கில் ஒரு மூச்சு கேட்டது. சிரிக்கிற மூச்சு.

அப்புறம் வந்தது, பட்டியலில் இல்லாத பாட்டு.

*ஆறடி ஒசரம், அருவா மீசை,*
*ஆளைப் பாத்தா அடங்கும் ஓசை.*
*கரப்பான் ஒண்ணு பறந்தாப் போதும்,*
*கட்டில்மேல ஏறிக் கத்துது மீசை!*

மிச்சமிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருவன் தடுப்புக்கு மேலே எட்டி அந்த மீசையை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே... அது நீங்களாண்ணே?"

காவலில் நிற்கிறவன் சிரிக்கக் கூடாது. அவன் சிரிக்கவில்லை. தோள்தான் குலுங்கியது.

மோருக்குப் போனவர்கள் டம்ளரோடு திரும்பி ஓடி வந்தார்கள். நிழலில் படுத்திருந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். நாற்பது இருநூறாயிற்று. இருநூறு குரலும் சேர்ந்து, "கத்துது மீசை!"

அப்போதுதான் எபினேசர் கண்டான்.

தடுப்பில் சாய்ந்து நின்ற ஒரு பெண். வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் போட்டிருந்தாள்.

கறுப்புக் கண்ணாடியின் இடது வட்டத்தில் ஒரு சலோமி. வலது வட்டத்தில் ஒரு சலோமி. கட்டைவிரல் அளவு. மஞ்சள் சட்டை. குதிக்கிறாள், கையை வீசுகிறாள், இடுப்பில் கை வைத்து அவன் முதுகுக்குப் பழிப்புக் காட்டுகிறாள்.

அடுத்த முகத்திலும் கூலிங் கிளாஸ். அதற்கடுத்ததிலும்.

வரிசை முழுக்க வெயில். வரிசை முழுக்க அவள்.

எபினேசர் கண் இமைக்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு கவனமான காவல்காரனைத் தன் சர்வீசில் கண்டதில்லை என்று பாண்டுரங்கன் அன்று ரிப்போர்ட்டில் எழுதினார்.

சாயங்காலம் விழா நடத்துகிறவரே தேடி வந்தார். அடுத்த வருஷம் ராத்திரி ஒன்பது மணி. போஸ்டரில் நடு வரி.

சலோமி அவரை விட்டுவிட்டுப் புருஷனைக் கட்டிக்கொண்டாள். அவனும் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே அவள் தலைக்கு மேலே பார்த்தான். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கூலிங் கிளாஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாசியில், விழாவுக்கு முந்தின நாள், பாரிமுனை நடைபாதைக் கடையில் ஒரு மீசைக்காரன் வந்து நின்றான். மூன்று டஜன் கூலிங் கிளாஸ் வேண்டும் என்றான். நல்ல கறுப்பாக, பளபளவென்று.

"எதுக்குப்பா இவ்ளோ?"

"கச்சேரிக்கு, பாய். முன்வரிசையில நிக்கறவங்களுக்கு."

"பகல்லயா?"

"ராத்திரி."

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ராத்திரியில யாருப்பா கூலிங் கிளாஸ் போடுவா?"

"சும்மா குடுத்தாப் போடுவாங்க, பாய்."

அவ்வளவுதான், கண்ணுங்களா. உங்கள் வீட்டில் யார் எந்த மேடை ஏறினாலும், அவர்களைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் எப்படியாவது வழி கண்டுபிடிக்கட்டும். உங்கள் வாசலில் சிரிப்பு நிறையட்டும். கட்டிலடியில் கரப்பான் இல்லாதிருக்கட்டும்.