ஜெபராணியின் புதுப் பல்

புருஷன் செல்வின் உடைத்த மூன்று பற்களின் இடத்தில் ஜெபராணிக்குப் கருவி பதித்த புதுவகைப் பல் பாலம் கட்டியிருந்தார்கள். "இனி முகத்தில் அடி விழுந்தால் பல்லே போலீசைக் கூப்பிடும்" என்று டாக்டரம்மா அவனிடமே சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து அவன் முகத்தைத் தொடவில்லை. முதுகு, வயிறு, விலா என்று பார்த்துப் பார்த்து அடித்தான்.

புதுப் பல் தெரியப் பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசினாளாம். அதற்காக இன்று அடுப்படியில் தள்ளி மிதித்தான். விலா எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"ஒம் பல்லக் கூப்பிடச் சொல்லுட்டி, பாப்போம்."

ஜெபராணி சமையல் மேடையைப் பிடித்து எழுந்தாள். அதன் கல் விளிம்பில் தன் வாயை ஓங்கி இடித்தாள். மறுபடியும் இடித்தாள்.

தெருமுனையில் சைரன் கேட்டதும் செல்வின் வெளிறிப்போனான். "நான் மூஞ்சில அடிக்கலியேட்டி."

அவள் ரத்தத்தைத் துப்பினாள்.

"எனக்குத் தெரியும். பல்லுக்குத் தெரியாதுல்லா."