இடது செருப்புகள்

என் தங்கச்சி புருஷன் வீரணன் எழுபத்தொன்று யுத்தத்தில் இடது காலைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு மகாராஜபுரம் திரும்பினார். வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு ராஜபாளையத்தில் வாங்குவார். வலதைப் போட்டுத் தேய்ப்பார். இடதைப் புதுசாகவே டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்.

“மச்சான், அந்தக் காலு நடந்து வருது. அது வந்த பொறவு என்னையப் புதைங்க” என்பார். பிள்ளைகள் சிரிக்கும். நான் நம்பவில்லை.

தொண்ணூறாம் வருஷம் செத்தார். அன்றைக்கே புதைத்தோம்.

பதினாறாம் நாள் தங்கச்சி நாச்சியார் பெட்டியைத் திறந்தாள். பதினெட்டுச் செருப்பும் குதிகால் தேய்ந்து கிடந்தன.

“எவனோ மாத்தி வச்சிருக்கான்” என்றேன்.

“சாவி எங்கிட்டல்லா இருக்கு.”

பதினேழு செருப்பில் வெள்ளை மணல். கடைசிச் செருப்பில் எங்கள் தெருச் சேறு, ஈரம் காயாமல்.

“செத்த நேரம் பொறுத்திருக்கலாம்ண்ணே” என்றாள்.