பதினாலு மாடிக் கழுகு

சரக்கு ட்ரோன் மோதி இறக்கை ஒடிந்த கடற்கழுகை அமலோற்பவம் வீட்டுக்குத் தூக்கி வந்து நாற்பது நாளாயிற்று. அவள் மீன் வெட்டும் சந்தையில் மிஞ்சிய தலைகளைத் தின்று அது நன்றாகவே தேறிவிட்டது. பறக்க மட்டும் இனி வராது.

நகரத்துப் பறவை ஒவ்வொன்றின் காலிலும் அரசாங்க வளையம் உண்டு. தினம் ஒரு தடவையாவது நாற்பது மீட்டர் உயரத்தை அது காட்டாவிட்டால், பறவையைக் கொண்டுபோய்க் கருணைக்கொலை செய்ய வண்டி வந்துவிடும். லிஃப்டில் பறவைக்கு அனுமதியில்லை. அதனால் தினமும் காலையில் தலையில் சும்மாடு வைத்து, மீன்கூடையில் கழுகை உட்காரவைத்து, பதினாலு மாடியும் படியேறினாள் அமலோற்பவம்.

அன்று வளையத்தின் உயரப் பதிவைக் கைக்கருவியில் வைத்துக்கொண்டு, வண்டியோடு அதிகாரியே வந்துவிட்டார்.

"எந்தக் கழுகும்மா மாடிக்கு மாடி நின்னு மூச்சு வாங்கும்? யார ஏமாத்துறீங்க?"

"உயரந்தான சார் கேட்டீங்க? அது இறக்கையில போவணுமா, என் தலையில போவணுமான்னு ரூல்ல எங்க எழுதிருக்கு? காட்டுங்க."

அவர் கைக்கருவியில் தேடித் தேடிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை.

"எத்தினி நாளைக்கும்மா இப்படி ஏறுவீங்க?"

"முட்டி தேயுற வரைக்கும். அப்பால உக்காந்துக்கினே ஏறுவேன். நம்பலேன்னா கூட வாங்க."

ஆறாவது மாடியில் அதிகாரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கூடையிலிருந்து கழுகு கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"நிக்காதீங்க சார்," என்றாள் அமலோற்பவம், திரும்பாமலே. "இன்னும் நாப்பது மீட்டர் ஆவல. வண்டி கீழதான் நிக்குது."