பதில் சொல்கிறவர்

டாக்டர் கேட்டது அவளிடம். பதில் சொன்னது அவள் புருஷன்.

"சாப்பாடெல்லாம் நல்லாச் சாப்பிடுறா மேடம்."

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

ரத்த ரிப்போர்ட் ஃபைல் புருஷன் மடியில் இருந்தது. ரத்தம் அவளுடையது. தைராய்டும் அவளுடையது. ஃபைல் மட்டும் அவருடையது. டோக்கன் வாங்கியதிலிருந்து அதை அவள் கையில் தரவே இல்லை.

"தூக்கம்?"

"படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவா."

அடித்துப்போட்ட மாதிரிதான். சோறு வடிக்கிற நேரத்தில் நின்றபடியே கண் சொருகுகிறது. மாடிக்குத் துணி காயப்போட ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. சீப்பை எடுத்தால் சீப்பு நிறைய முடி. இதற்குப் பேர் நல்ல தூக்கமாம்.

"மாசாமாசம் எப்படிப் போகுது?"

"அதெல்லாம் கரெக்டா வந்துரும் மேடம்."

அடப்பாவி மனுஷா. அதுவுமா உனக்குத் தெரியும்?

வந்துவிடும்தான். வந்தால் நிற்காது. அதை எங்கே கேட்டார், எங்கே கண்டார்?

பொம்பளை டாக்டர் என்று நம்பித்தான் இங்கே வந்தது. இந்த அம்மாவும் கேள்வியை அவளைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலை அவரிடம் வாங்கி எழுதிக்கொண்டிருந்தார்.

ஃபைலிலிருந்து அவர் உருவிக் கொடுத்த ரிப்போர்ட்டை டாக்டர் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"தைராய்டு டெஸ்ட்ல டிஎஸ்எச் இன்னும் ஏறித்தான் இருக்கு. டோஸ் கூட்டியும் தைராய்டு மாத்திரை உடம்புல சேரலைன்னு அர்த்தம். ஃபெரிட்டின், அதான் இரும்புச் சத்து இருப்பு, அது ரொம்ப அடியில கிடக்கு. ஒரு வருஷமா இரும்பு மாத்திரை போட்டும் அசையலை. மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா சார்?"

சாரிடம் கேட்டார்.

"எங்க மேடம். நம்ம சொன்னாக் கேட்டாத்தானே."



ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் போட்டாள். தம்பி மகள் கல்யாணத்தன்று மண்டபத்து வாஷ்பேசின் பக்கத்தில் நின்றும் போட்டாள். போன தடவையும் இந்த மனுஷன் இதையேதான் சொன்னார். இங்கே சொன்னதோடு விட்டாரா? மாத்திரையைத் தூர எறிகிறாள் என்று சொந்தபந்தம் பூராவும் போன் போட்டுச் சொன்னார். நாத்தனார் வந்து குப்பைக்கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டே போனாள்.

கிளறட்டும். அங்கே என்ன கிடைக்கும், வெங்காயத் தோலைத் தவிர?

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"சரி, டோஸை இன்னும் கொஞ்சம் கூட்டிருவோம்."

இன்னுமா? ஏற்கெனவே இரண்டு தடவை கூட்டியாகிவிட்டது. கூட்டக் கூட்ட அவள்தான் தேய்ந்துகொண்டிருக்கிறாள்.

"எப்ப போடுறாங்க?"

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். கிழமைக்கு ஒரு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா.

"காலைல எழுந்ததும் டீயோட நானே கையில குடுத்துருவேன் மேடம். முழுங்குற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

அப்படியென்றால் சொன்னாக் கேட்காதவள் யார்? இந்த டப்பாவைப் பார்த்துத்தான் தெருவே சொல்கிறது. கொடுத்துவைத்தவளாம் அவள்.

டாக்டர் ஒரு அறையைத் திறந்தார்.

வெள்ளையில் ஒன்று, சின்னது. கருஞ்சிவப்பில் ஒன்று, பெரியது. இரண்டும் ஒன்றாகக் கிடந்தன.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் சேர்த்தா? அதுவும் டீயிலயா?"

டாக்டர் அடுத்த அறையையும் திறந்தார். அதிலும் இரண்டு.

"இரும்பு இருந்தா தைராய்டு மாத்திரை உடம்புல ஒழுங்கா சேராது. டீ குடிச்சா இரும்பு சேராது. தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. இரும்பு மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. ஒரு வருஷமாப் போட்டதுல முக்கால்வாசி வீணாப் போயிருக்கே!"

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியென்றால் அவள் சோம்பேறி இல்லை. நடிக்கவில்லை. உடம்பை வளர்க்கவில்லை. இந்த வீட்டில் அவளைச் சொன்ன எதுவுமே அவள் இல்லை.

முதல் வாரமே புருஷனிடம் கேட்டாள். ரெண்டையும் ஒண்ணாப் போடலாமா, மெடிக்கல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன் என்று கெஞ்சினாள். வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான், வாயை மூடிட்டு முழுங்கு என்றார்.

"யாரு இப்படிப் போடச் சொன்னது?" என்றார் டாக்டர்.

அவர் டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

தெரியாமப் பண்ணிட்டேன் மேடம். அவ்வளவு சொன்னால் போதும். அவள் மன்னித்துவிடுவாள். மன்னிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள், பாவி மனசு.

"இவதான் மேடம். ரெண்டு தடவை போட யாரு மெனக்கெடுறதுன்னு, ஒண்ணா முழுங்கிருவோம்னா."

அவள் கையை நீட்டினாள். அவர் மடியிலிருந்து ஃபைலை எடுத்தாள்.

"எந்திரிச்சு வெளிய போய் உக்காருங்க."

அவர் சிரித்தார். டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வெளிய இருங்க சார்" என்றார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"சொல்லுங்கம்மா."

"இதுவரைக்கும் எழுதினதை அடிச்சிருங்க மேடம்" என்றாள். "முதல்ல இருந்து கேளுங்க."