பாதியில் நின்ற பதிப்பு

"இதைப் பாதியில போட்டுட்டுப் போன மனுசன் மட்டும் என் கையில மாட்டட்டும்" என்றாள் ஸிஹாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதுளை பஸாரில் அவள் நடத்தும் கணினி திருத்தும் கடைக்கு, பழுது பார்க்கக் கொடுத்த பிரின்டரை எடுக்க வந்திருந்தார் ஜெயகுமார். யாரைச் சொல்கிறாள் என்று விசாரித்தார்.

அவள் மேசையைக் காட்டினாள். பூனாகலைத் தோட்டப் பாடசாலைக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பன்னிரண்டு பழைய கணினிகள். புதிய மென்பொருள் எதுவும் அவற்றில் ஏறாது. இலவச இயங்குதளம் ஒன்றை இந்த ரகக் கணினிக்கென்றே ஒருவன் மாற்றி எழுதத் தொடங்கி, பதினொரு வருடத்துக்கு முன் அப்படியே கைவிட்டிருக்கிறான். அடுத்த மாத முடிவுக்குள் யாராவது பொறுப்பேற்காவிட்டால் இயங்குதளத்தை நடத்துகிறவர்கள் அந்தப் பதிப்பையே பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்களாம்.

ஜெயகுமாருக்குக் காது சூடேறியது. அந்த ஒருவன் அவர்தான். கெம்பஸில் படித்தபோது சோறு தண்ணி மறந்து எழுதியது. பிறகு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, விட்டுப்போனது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார்.

"அவனுக்கெல்லாம் வெக்கமே இல்ல" என்றாள் அவள்.

எடுத்த வாயை மூடிக்கொண்டார். சும்மா பார்க்கிறேன் என்று சொல்லிப் பிரின்டரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தவர், ஒரு மணி நேரத்தில் பிழையைப் பிடித்துவிட்டார். மேசையிலிருந்த கணினி ஓடத் தொடங்கியது. அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் வேறொரு பிழை. அதற்கடுத்த சனிக்கிழமை இன்னொன்று. அந்தக் காலத்தில் எழுதிய வரிகளைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டார். சில இடங்களில் தன்னையே மெச்சியும் கொண்டார். சனிக்கிழமை வந்தால் காலைச் சாப்பாடு கூட இறங்காமல் பஸ்ஸுக்கு ஓடும் மனிதரை மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நாலாவது சனிக்கிழமை பன்னிரண்டு கணினிகளும் வரிசையாக உயிர்பெற்றன. ஸிஹாமா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இனியும் மறைப்பது சரியில்லை என்று அவருக்குப் பட்டது.

"தங்கச்சி, அந்தப் பாதியில விட்டுட்டுப் போனவன் நான்தான்."

"தெரியும் அண்ணே. பிரின்டரை வாங்கிப் பில்லு எழுதுறப்பவே உங்க பேரைப் பார்த்தேன், இந்தப் பதிப்புல எழுதியிருக்கிற அதே பேரு."

பதிப்பைப் பொறுப்பேற்கும் படிவம் திறந்திருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள். அசடு வழியப் பெயரைத் தட்டி அனுப்பினார் ஜெயகுமார். அனுப்பிய பிறகு, நாலு வாரமாக அவளை வீணாகக் காக்க வைத்துவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டார்.

"எங்க அண்ணே காத்தேன்? நீங்க பிரின்டர் குடுக்குறதுக்கு முந்தின வாரமே எல்லாம் ஓடிடுச்சு" என்றாள் ஸிஹாமா. "ஒரு தடவை திருத்த எனக்கு ஏலும், காலத்துக்கும் பார்த்துக்க எழுதின ஆள்தான் வேணும். அதான், வெள்ளிக்கிழமைக்கு ஒரு வரியா அழிச்சு வச்சேன்."