அறுபத்தோராவது படிவம்

அறுபது படிவங்களும் ஒரே கையெழுத்து என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உளவியல் இளங்கலை படிக்கும் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஆய்விதழ் எங்களுடையது. ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தோம்.

எங்களில் இதழாசிரியராக இருப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சட்டம். எதற்கெடுத்தாலும் விதி பேசுவான். பிழை திருத்துகிறவள் கமா. கட்டுரைகளின் எண்களைச் சரிபார்ப்பதும், எழுதியவர்களுக்குக் கடிதம் போடுவதும் என் வேலை.

எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. பெயர்கள் எல்லாம் சட்டத்தின் அலமாரியில், ஒட்டிய உறைகளில் இருக்கும். கட்டுரைக்கு ஓர் எண் மட்டும். அறை வாசலில் எண் போட்ட அட்டைப் பெட்டிகள் உண்டு. நான் கடிதத்தைப் போட்டால் அவரவர் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

பதினொன்றாம் கட்டுரை, மாணவர்களின் தூக்கத்தையும் மனநிலையையும் பற்றியது. அறுபது பேரிடம் கேட்டதாக எழுதியிருந்தது. ஆளுக்கு ஒரு படிவம்; மேலே வரிசை எண், தேதி, வயது, தூங்கிய நேரம். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை; பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை, மூன்று என்றால் மிக அதிகம்.

பத்தாவது படிவத்துக்குள் பிடித்துவிட்டேன். இரண்டின் வாலைச் சுருட்டும் விதம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். மீதி ஐம்பதில் கையெழுத்தையும் வயதையும் மட்டும் ஒரு பார்வை பார்த்தேன்.

வயதும் பத்தொன்பது, இல்லாவிட்டால் இருபது. அதைத் தாண்டிப் போகவில்லை. பொய் சொல்வதில்கூடவா சோம்பல் என்று கமா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நேற்றுக் காலை, எல்லாம் பொய்ப் படிவங்கள் என்று காட்டமாக எழுதிய நிராகரிப்புக் கடிதத்தைப் பதினொன்றாம் பெட்டியில் போட்டேன். மதியத்துக்குள் அது எடுக்கப்பட்டிருந்தது.

இன்று காலை கதவைத் திறந்தால் தரையில் ஓர் உறை. உள்ளே இன்னொரு படிவம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "படித்ததற்கு மிகவும் நன்றி. முடிந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிக்கு, 11."

"கையும் களவுமா மாட்டியும் மரியாதையப் பாரு!" என்று கமா அதைப் படிவக் கட்டின் மேல் வீசினாள்.

மதியம் கட்டைச் சுற்றி அலமாரியில் வைக்க உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வியாதி. காகிதங்கள் வரிசை கலைந்திருந்தால் நூல் போட்டுக் கட்ட மனம் வராது. ஒன்றிலிருந்து அறுபது வரை அடுக்கினேன்.

முப்பத்து மூன்று வரை வயது பத்தொன்பது. முப்பத்து நான்கிலிருந்து எல்லாமே இருபது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

நூலைக் கீழே வைத்தேன்.

தேதிகளைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகூட விட்டுப்போகவில்லை.

அறுபது பேர் இல்லை. ஒரே ஆள், அறுபது நாள். முப்பத்து நான்காம் நாள் பிறந்தநாள்.

தூங்கிய நேரம் ஏழு மணியில் தொடங்கி, ஐந்து, நான்கு என்று குறைந்து இரண்டில் வந்து நின்றிருந்தது. ஒன்பதாம் கேள்வி: 'இல்லாமலே போய்விடலாம் என்று இன்று தோன்றியதா?' முதல் வாரம் முழுக்கப் பூஜ்யம். பிறகு ஒன்று. பிறகு இரண்டு. பிறந்தநாள் அன்றுதான் முதல் முறையாக மூன்று. அதற்குப் பிறகு அது இறங்கவே இல்லை.

கமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

அறுபதாவது படிவம் மூன்று வாரத்துக்கு முந்தையது. கட்டுரை எங்கள் கைக்கு வந்த நாள். காலையில் வந்த படிவத்தை இருவரும் சேர்ந்தே எடுத்தோம். நேற்றைய தேதி. தூக்கம் எட்டு மணி நேரம். பத்துக் கேள்விகளுக்கும் பூஜ்யம், ஒன்பதாவதற்கும்கூட.

"எல்லாமே சைபர்டி! அப்பாடா, சரியாயிடுச்சு" என்றாள் கமா.

எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நிமிடம்தான்.

போன பருவத் தேர்வில் ஒரு கேள்வி வந்திருந்தது. நெடுநாள் வாழ்வை வெறுத்துக் கிடந்தவர் ஒரே நாளில் அமைதியாகிவிட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்? நிம்மதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, முடிவெடுத்துவிட்டதாகவும் இருக்கலாம், உடனே ஆளைத் தேடிப் போக வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பத்துக்குப் பத்து.

"பதினொண்ணு யாருடா?" என்று கத்தினேன்.

சட்டம் என் முகத்தைப் பார்த்தான். எந்த விதியும் பேசவில்லை. உறையைக் கிழித்துப் பெயரைச் சொன்னான். பெண். எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத பெயர். கமா செருப்பைக்கூட மாட்டாமல் விடுதிப் பக்கம் ஓடினாள். சட்டம் உறையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

என் கையில் அந்தத் துண்டுச் சீட்டு. திட்டி எழுதிய கடிதத்துக்கு எதற்கு நன்றி என்று காலையில் எங்களுக்குப் புரியவில்லை. இப்போது புரிந்தது. நிராகரிக்கும் கடிதம் ஒவ்வொன்றிலும், மனம் நோகக் கூடாதே என்று, கடைசியில் வழக்கமாக ஒரு வரி சேர்ப்பேன். நேற்றும் சேர்த்திருந்தேன்.

"நீங்கள் அனுப்பிய படிவங்கள் அனைத்தையும் ஒன்று விடாமல் படித்த பிறகே இந்த முடிவுக்கு வந்தோம்."