காலடியில் ஒரு நிழல்

“முப்பத்தாறு போட்டோ எடுத்தீகள்ல, அதுல என் மகனை ஒரு ஓரமா நிக்க வச்சு ஒண்ணு எடுக்க முடியலையாக்கும்?”

சந்தனம்மாள் போட்ட சத்தத்தில், சண்டை தெளிவாகக் கேட்கட்டும் என்று எதிர்வீட்டில் டி.வி.யைக் குறைத்தார்கள்.

“அவனைப் பாக்கவே இல்லைன்னு எத்தனை வாட்டி ஆத்தா சொல்றது?” சுருளியாண்டியும் குரலை உயர்த்தினார். “போன் போட்டோம். லீவு இல்லைன்னுட்டான்.”

“அஞ்சு நாளும் லீவு இல்லையாக்கும்?”

“பெத்தவ உனக்கே நாலு வருசமா லீவு இல்லைங்குறான். எங்களுக்கு மட்டும் எங்கிட்டு இருந்து வரும்?”

அது உறைத்துவிட்டது. சந்தனம்மாளின் ஒரே மகன் திலீபன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம். ஞாயிறு தவறாமல் போன் வரும், ஆள் வரவில்லை.

அது 2004. அந்த வருஷம் பன்னீர் திராட்சை நல்ல விலைக்குப் போனது. காமயகவுண்டன்பட்டியில் கையில் நாலு காசு பார்த்தவர்கள் எல்லாம் தோட்டத்தில் போர் போட்டார்கள். சுருளியாண்டி மட்டும் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் சுற்றிப் பார்க்கப் போனார். கிளம்பும்போது பக்கத்து வீட்டு சந்தனம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எளைச்சுட்டானா, தொப்பை போட்டுட்டானான்னு பாக்கணும்ணே. ஒரு போட்டோ எடுத்தாந்துருங்க.”

இப்போது சுருளியாண்டியின் மனைவி சுப்புத்தாய் சமாதானத்துக்கு ஆல்பத்தை எடுத்து வந்தாள். “கோவிக்காதீக மதினி. வந்ததுக்கு ஊரையாவது பாருங்க.”

உறைமோருக்குக் கொண்டுவந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சந்தனம்மாள் உட்கார்ந்தாள். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆல்பத்தைப் பார்க்காமல் எழுந்து போகிற ஆளா அவள்?

“இது என்ன, சிங்கம் வாயால தண்ணி துப்புது? இதுக்கா பிளேன் ஏறிப் போனீக? வைகை அணையில மதகைத் தூக்குனா இதவிட நல்லா வருமே.”

அடுத்த பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். “இம்புட்டுக் கண்ணாடியையும் யாரு தொடைப்பா?”

“அதுக்கு மெஷின் இருக்கு அத்தை,” என்றாள் மகள் வேல்விழி. காலேஜ் முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“நீ என்னடி, நம்மூர்த் திருவிழாவுல போட்டோக்காரனைப் பாத்தா மொறைப்ப. இங்கன ஒண்ணு விடாமச் சிரிச்சுக்கிட்டு நிக்குற?” பிறகு சுருளியாண்டி பக்கம் திரும்பினாள். “வயசுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போனது ஊரு பாக்கவா, மாப்பிள்ளை பாக்கவான்னு தெருவே கேக்குது.”

“தெரு கேக்குதா, நீ கேக்குறியா?”

“ரெண்டும் ஒண்ணுதானண்ணே.”

சுப்புத்தாய் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். சுருளியாண்டி மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தார்.

சந்தனம்மாள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனவள் நின்றாள். சிலைக்கு முன்னால், கடற்கரையில், பறவைப் பூங்காவில் என்று எல்லாப் படத்திலும் மூன்று பேரும் இருந்தார்கள். வெயிலில் எடுத்த படங்களில் தரையில் ஒரு நிழல் நீண்டு வந்து வேல்விழியின் காலடியில் முடிந்தது.

“இது யாரு நெழலு?”

“போட்டோ எடுத்தவன் நெழலு,” என்றார் சுருளியாண்டி அவசரமாக. “வழியில போறவனைப் பிடிச்சு எடுக்கச் சொன்னோம்.”

“அந்த ஊர்ல கேட்டா யாரும் எடுத்துக் குடுப்பாக மதினி,” என்றாள் சுப்புத்தாய்.

வேல்விழி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சந்தனம்மாள் ஒரு படத்தை உறையிலிருந்து உருவி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கேமராவைப் பிடித்தபடி நிற்கும் நிழல். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி. வெகுநேரம் பார்த்தாள். சன்னலோரம் ஒதுங்கி நின்ற எதிர்வீட்டார் அடுத்த குத்தலுக்குக் காத்திருந்தார்கள்.

“வழிப்போக்கன்தான்,” என்றாள். “பாவம், உச்சியெல்லாம் காய நின்னு எடுத்திருக்கான்.” பிறகு, “இந்தப் போட்டோ எனக்கு வேணும்ணே.”

“அதுல வெயில் அடிச்சு எங்க மூஞ்சியெல்லாம் கோணிக் கெடக்கே.”

“உங்க மூஞ்சியை நான் தெனமும்தான் பாக்குறேன்.”

உறைமோர் வாங்காமலே போய்விட்டாள். எதிர்வீட்டில் டி.வி.யை மறுபடி கூட்டினார்கள்.

அடுத்த தையில் வேல்விழிக்குக் கல்யாணம் முடிந்து அவளும் சிங்கப்பூர் போனாள். சுருளியாண்டி திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைத்தார். எதிர்வீட்டார் பிள்ளைகள் படிப்புக்கென்று தேனிக்குக் குடிபோனார்கள். அங்கே என்ன கேட்கிறதோ, பாவம். அந்தப் போட்டோ மட்டும் சந்தனம்மாள் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வெளுத்துக்கொண்டு தொங்குகிறது. ‘நெழலு விழுந்த போட்டோவைப் போயி மாட்டியிருக்கீகளே’ என்று யாராவது கேட்டால், அந்த இறங்கிய தோளில் விரலை வைப்பாள்.

“பன்னண்டு வயசுல தென்னையில இருந்து விழுந்து ஒடிஞ்ச தோளு இது. நாந்தான் தூக்கிக்கிட்டு ஓடுனேன், எனக்கா தெரியாது? அஞ்சு நாளும் இவுக கூடவே சுத்திட்டு, என் வாய்க்குப் பயந்து எல்லாருமாச் சேந்து மறைச்சுட்டாக. நான் கேட்டது என் மகனை மட்டுந்தான். மருமகளையும் சேத்துல்ல எடுத்தாந்துட்டாக!”